இங்கே செக் வாங்கப்படும்

ஆளைக் காணவில்லை. ஆனால் அவனுடைய காசோலை மட்டும் போன வருஷத்தில் மூன்று முறை வங்கிக்கு வந்து பணமாகிப் போயிருக்கிறது.

ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து அந்தப் பாஸ்புக்கை மறுபடியும் புரட்டினேன். கணக்கு மணிகண்டபிரபுவுடையது. வயது இருபத்தாறு. பதினான்கு மாதத்துக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரு தோள்பையுடன் மேலகரத்து வீட்டை விட்டு இறங்கியவன். செக் புக் அந்தப் பையில்தான் இருந்தது. சில நாளில் அவன் போனும் அணைந்துவிட்டது. போலீஸில் சொல்ல அப்பா சொரிமுத்து சம்மதிக்கவில்லை. கோபம் தீர்ந்தால் வந்துவிடுவான் என்றார். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வெள்ளியும், கேரளா பக்கம் போய்த் தேடிவிட்டு வருகிறாராம்.

அம்மா சந்தனமாரி செய்தது வேறு. மாதாமாதம் ஐந்தாம் தேதிவாக்கில் தென்காசி வங்கிக்குப் போய், மகன் கணக்கில் ஐநூறோ ஆயிரமோ போட்டுவிட்டு வந்தார். எங்காவது பசியோடு கிடந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று.

"வருஷம் ஒண்ணாச்சும்மா. அவன் போன பொறவு போன வாரந்தான் மொதல்ல புஸ்தகத்தைப் பதியக் குடுத்தேன். பாத்தா மூணு செக்கு போயிருக்கு. யாரு குடுத்தா, எங்கன குடுத்தான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்.

ஜனவரி 31, ஜூலை 25, செப்டம்பர் 23. மூன்றும் இரண்டாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். மூன்றும் குற்றாலத்தில் உள்ள பால்வண்ணம் ஜவுளி ஸ்டோருக்கு. பாஸ்புக்கின் வரிகள் ஒன்று மேலேறியும், ஒன்று சரிந்தும், ஒன்று மங்கியும் இருந்தன. பதியும் மெஷினின் லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷம் வங்கியில் காசோலைகளைப் பாஸ் செய்யும் சீட்டில் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள் நான். அப்படி நினைத்திருக்கக் கூடாது.

"சத்யாக்கா" என்று முன்னால் இருந்து ஷமீம் பானு குரல் கொடுத்தாள். ஆட்டோவும் அவளுடையது, என் ஆபீஸும் அந்த ஆட்டோதான். "காணாமப் போனவன் ஏடிஎம்ல எடுப்பான். இல்லன்னா போன்ல அனுப்புவான். இந்தக் காலத்துல உக்காந்து செக் எழுதுதான்னா அவன் கேரளாவுக்குப் போகலக்கா. எம்பது வருஷம் பின்னாடி போயிட்டான்."

"ரோட்டைப் பாத்து ஓட்டுட்டி."

"ரோட்டுல எங்கக்கா இருக்கு ரோடு? சாமிமாருதான் இருக்காவ."

மார்கழிக் கடைசி. கறுப்பு வேட்டிகளும் மாலைகளுமாக ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்துக் கடைத்தெருவை அடைத்துக்கொண்டிருந்தார்கள். பால்வண்ணம் ஜவுளி ஸ்டோரின் கல்லாவில் எல்லாக் கடையையும் போல ஸ்கேன் செய்யும் அட்டை ஒட்டியிருந்தது. அதற்கு மேலே துருவேறிய தகரப் பலகை: 'இங்கே செக் வாங்கப்படும்.'

கடைக்காரர் பால்வண்ணநாதனுக்கு எழுபது வயதிருக்கும். செக் விஷயமாக வந்திருக்கிறோம் என்றதும் இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீக்குச் சொல்லிவிட்டார்.

"ஊரே என்னையப் பைத்தியாரன்னு சொல்லுது. சொல்லட்டும். மழை அடிச்சா இங்கன சிக்னல் கெடையாது. அருவிக்கு வாரவன் போனை ரூம்ல வச்சிட்டு வாரான்."

"செக் புக்கை மட்டும் துண்டுல முடிஞ்சிட்டு வாரானாக்கும்?" என்றாள் ஷமீம்.

அவர் சிரித்தார். "வாய் உண்டு உனக்கு. கேளு தாயி. லாட்ஜுக்காரன் நூறு துண்டு எடுக்கான். கையில ரொக்கமா இருக்குமா? இன்ன தேதிக்குன்னு செக்கை எழுதிட்டுப் போயிருதான். அடுத்த சீசனுக்கும் நம்ம கடைதான். பென்சன்காரவிய இருக்காவ, போனைத் தொடவே பயம். மத்த கடையில 'ஸ்கேன் பண்ணுங்க பெரியவரே'ன்னு விரட்டுதான். இங்கன செக் வாங்குவாவன்னு தென்காசியிலேந்து பஸ் ஏறி வாராவ. வந்தவிய ஒரு துண்டோட போவாவளா? கள்ளநோட்டு பயம் இல்ல. பணம் அனுப்பிட்டேன்னு சும்மா போனைக் காட்டிட்டு ஓடுதான்லா, அந்தப் பயமும் இல்ல."

"பணமே இல்லாத செக் வந்தா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பதினோரு வருஷத்துல ரெண்டு திரும்பிருக்கு. ரெண்டு பேரும் நேர்ல வந்து ரொக்கமா குடுத்தாவ. ஏன்னு சொல்லவா? ஸ்கேன் பண்ணுதவன் நின்ன காலோட போயிருவான். அவன் மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்காது, என் மூஞ்சி அவனுக்கும் இருக்காது. செக் எழுதுதவன் இந்த ஸ்டூல்ல ரெண்டு நிமிஷம் உக்காந்தாகணும். ஊரு கேப்பேன். பிள்ளைய என்ன செய்துன்னு கேப்பேன். டீ குடிச்சிட்டுப் போனவன் ஏமாத்த மாட்டான்."

அந்த இரண்டு நிமிஷம்தான் எனக்கு வேண்டியிருந்தது. பிரபுவின் போட்டோவைக் காட்டிப் பெயரைச் சொன்னேன்.

"பேரு தெரியும். ஆனா இந்தப் பையன் இங்கன வந்ததே இல்லியே. இந்தப் பேருல செக் கொண்டு வாரது வயசானவரு. கையெழுத்து ஏற்கெனவே போட்டிருக்கும். தேதி, தொகை, பொறத்தால போன் நம்பரு, அவ்வளவுதான் இங்கன உக்காந்து எழுதுவாரு. யாரு பேருன்னு கேட்டேன். வேண்டப்பட்ட பையன், வெளியூர்ல இருக்கான்னாரு. அதுக்கு மேல வாயைத் தொறக்கல. டீயும் குடிக்கல."

ஷமீம் என் கையைப் பிடித்தாள். "அக்கா, செக் புக் பைக்குள்ள இருந்துச்சு. அப்போ பை வேற எவன் கையிலயோ இருக்கு. பையன்..." எதிலும் சிரிப்பதற்கு ஒன்றைக் கண்டுபிடித்துவிடுகிறவள், அதற்குப் பிறகு டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வாங்குவார்?"

"ஒரு வேட்டி, ஒரு துண்டு, எட்டுப் போர்வை. வந்த மூணு மட்டமும் அதேதான். போர்வைய அருவிக்குப் போற பாதையில படுத்துக் கெடக்குதவியளுக்குப் போத்திட்டுப் போவாரு."

எந்தத் திருடன் போர்வை வாங்கிப் போர்த்துவான்?

வங்கியில் போடுமுன் ஒவ்வொரு செக்கையும் முன்னும் பின்னும் போனில் படம் எடுத்துவைப்பது கடைக்காரரின் பழக்கம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தேடி, மூன்றையும் எடுத்து என் போனுக்கு அனுப்பினார்.

முதலில் கையெழுத்தைப் பார்த்தேன். அது என் பழைய வியாதி. மூன்றும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன. சுழி, புள்ளி, கடைசி இழுப்பு எல்லாம். வங்கியில் இருந்தபோது ஒரு பெரியவரின் காசோலையை 'கையெழுத்து வேறுபடுகிறது' என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனைவி இறந்த மாதத்திலிருந்து அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது எனக்குத் தெரியாது. மனைவியின் வைத்தியத்துக்கு வாங்கிய கடனை அடைக்க எழுதிய செக் அது. கவுன்டருக்கு வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து எனக்குத் தெரியும், உயிரோடு இருக்கிறவன் கையெழுத்து மாறிக்கொண்டே இருக்கும். எட்டு மாதம் மாறாமல் இருந்தால், யாரோ பார்த்து வரைகிறார்கள்.

அதன் பிறகுதான் தேதிகள் கண்ணில் பட்டன. பாஸ்புக்கில் இருந்தவை வங்கியில் பணமான நாட்கள். காசோலையில் இருந்தவை வேறு. ஜனவரி 29. ஜூலை 24. செப்டம்பர் 21.

"ஜூலை 24ஆ?" ஷமீம் எட்டிப் பார்த்தாள். "ஆடி அமாவாசைல்லா! அன்னைக்கு இந்த ரோட்டுல மூணு மணி நேரம் நின்னேன். ஜனவரி 29 தை அமாவாசை. செப்டம்பர் 21 புரட்டாசி அமாவாசை. சவாரிக்காரிக்கு இது தெரியாதாக்கா?"

அந்த மூன்று அமாவாசைக்கும் ஜனங்கள் குற்றாலத்துக்கு எதற்கு வருவார்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அருவியில் தலை முழுகி, இறந்துபோனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, சடங்கு செய்துவைத்தவருக்கு வேட்டி துண்டு கொடுத்துவிட்டுப் போவார்கள். தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளை எள்ளும் தண்ணீரும் விட மாட்டான். பிரபுவின் தகப்பன் உயிரோடுதான் இருக்கிறார். பிரபு இங்கே வரவில்லை. யாரோ பிரபுவுக்காக வந்திருக்கிறார்கள்.

காசோலைகளின் பின்பக்கத்தைப் பெரிதாக்கினேன். போன் நம்பர். அதில் இருந்த ஒவ்வொரு ஏழின் இடுப்பிலும் ஒரு சின்னக் குறுக்குக்கோடு. முன்பக்கத்துத் தொகையிலும் அதே ஏழு.

அந்த ஏழாம் எண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். சந்தனமாரி வீட்டு அடுப்படிக் கதவில் தொங்கும் நாட்காட்டியில், சிலிண்டர் வந்த தேதிகளுக்குப் பக்கத்தில். எழுதியவர் மின்வாரியத்தில் முப்பது வருஷம் வீடுவீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவர். ஒன்றும் ஏழும் குழம்பினால் எவனோ ஒரு இல்லாதவன் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும் என்று, ஏழுக்குக் கோடு போட்டுப் பழகியவர்.

"அண்ணாச்சி, வரும்போது அவர் தலை ஈரமா இருக்குமா?"

"ஆமா. நெத்தி நெறைய துன்னூறு. தெரிஞ்சவரா?"

"ஏடிஎம்முக்கு ரகசிய நம்பர் தெரியணும், போன்ல அனுப்ப அவன் போன் வேணும். செக்குக்குக் கையெழுத்து மட்டும் போதும்" என்று ஷமீமிடம் சொன்னேன். "வண்டியை எடு. இன்னைக்குத் திங்கக்கிழமை."

"எங்கனக்கா?"

"புளியறைக்கு."

முதல் நாளே சந்தனமாரி, கணவரைப் பற்றிப் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். 'கொல்லம் வரைக்கும் போனேம்பாவ. துவைக்கும்போது பாத்தா சட்டைப் பையில புளியறை டிக்கெட்டுதான் இருக்கும்.'

கேரள எல்லைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், பரோட்டாக் கடை ஒன்றின் வாசல் பெஞ்சில் சொரிமுத்து உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை. முன்னால் கேரளாவுக்குப் போகிற லாரிகள் வரிசை கட்டி உறுமிக்கொண்டிருந்தன. நான் யாரென்று சொல்லி, போனில் இருந்த காசோலைப் படத்தை நீட்டினேன்.

அவர் மறுக்கவில்லை. பதறிப்போய்க் கேட்டார்: "செக்கு திரும்பிருச்சா?"

"இல்லை."

மூச்சு விட்டார். ஷமீம் ஒரு டீயைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"வீட்டுக்காரிக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆயி ஒம்பதாவது நாளு. புனலூர் போலீஸ்லேந்து போன் வந்துச்சு. லாரி. நான் தனியாத்தான் போனேன். அங்கனயே எரிச்சேன். அதிர்ச்சி குடுக்குத மாதிரி எதுவும் சொல்லிராதியன்னு டாக்டர் சொல்லிருந்தாரு. ஒரு மாசம் போவட்டும், சொல்லிருவோம்னு இருந்தேன்." டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். "அவ மாத்திரையை முழுங்க மாட்டா. சோறு எறங்கல. மாசாமாசம் பேங்குக்குப் போயி புஸ்தகத்தைப் பதிஞ்சிட்டு வருவா. புள்ள ஒத்த ரூவா எடுத்திருந்தாக்கூட உசுரோட இருக்கான்னு இருப்பேனேம்பா. பையை என்கிட்டத்தான் குடுத்தாவ. உள்ள செக் புக் இருந்துச்சு. மொத செக்கு பதிஞ்சு வந்த அன்னைக்கு ரெண்டு தோசை தின்னா."

மாசாமாசம். நான் பாஸ்புக்கைத் திறந்தேன். மேலேறிய வரி, சரிந்த வரி, மங்கிய வரி. ஒரே நாளில் மொத்தமாகப் பதிந்த புத்தகத்தில் வரிகள் ஒழுங்காக இருந்திருக்கும். போன வாரந்தான் பதிந்ததாகச் சந்தனமாரி என்னிடம் ஏன் சொன்னார்?

"சாம்பலை எங்க கரைச்சிய?"

"குத்தாலத்துலதான். மெயினருவிக்குக் கீழ. அவன் சின்னப்புள்ளையில அந்தத் தண்ணிய விட்டு வெளிய வர மாட்டான்." பெஞ்சைத் தடவினார். "தேடப் போறேன்னு சொல்லிட்டு இங்கன வந்து உக்காந்துருவேன். போற வார லாரியைப் பாத்துக்கிட்டு. சாயங்காலம் போயி, இன்னைக்கும் தகவல் இல்லன்னு சொல்லுவேன். நான் பேசுன பேச்சுக்குத்தான் அவன் போனான். இத மட்டும் அவகிட்ட சொல்லிராதிய தாயி. அவ தாங்க மாட்டா."

திரும்பும் வழியில் செங்கோட்டை தாண்டும் வரை ஷமீம் ஹாரன்கூட அடிக்கவில்லை.





மறுநாள் காலை தென்காசி வங்கிக்குப் போனேன். சந்தனமாரி பணம் போட வரும் நாள். இரவெல்லாம் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். செக் கொடுத்தவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு விதம். இன்னொன்றை வாய்விட்டுச் சொல்லவே முடியவில்லை.

கவுன்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் பணம் செலுத்தும் சீட்டு. என்னைக் கண்டதும் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணாடி கொண்டாரல. இதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்கம்மா."

மணிகண்டபிரபு என்று பெயரை எழுதினேன். கணக்கு எண்ணை எழுதினேன். "எவ்வளவு?"

"இந்த மட்டம் ரெண்டாயிரத்து ஐநூறு."

"வழக்கமா ஆயிரம்தானே?"

"தை அமாவாசை வருதுல்லா." குரலில் எந்த மாற்றமும் இல்லை. "அவிய குடுக்குத செக்கு திரும்பிறக் கூடாது."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"எப்பத் தெரியும்?"

"மொத அமாவாசைக்கே தெரிஞ்சு போச்சு. கேரளாவுக்குப் போறேன்னு போன மனுசன், தலை ஈரமா, நெத்தியில துன்னூறோட வந்தாவ. மூணாம் நாளு புஸ்தகத்தைப் பதிஞ்சா செக்கு போயிருக்கு. எம்புள்ள ஜென்மத்துல செக்கு எழுதுனவனா? செக் புக் வாங்குனதே அவிய கட்டாயத்துலதான்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு ராத்திரி ரெண்டு தோசை சுட்டுத் தின்னேன். அவிய பாத்துக்கிட்டே இருந்தாவ. தொண்டையில எறங்கல. தின்னேன்."

"அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டிய?"

"எங்கன வச்சாவன்னு தெரியணும்ல. பெத்தவளுக்கு ஒரு எடம் வேண்டாமா? அவியகிட்ட நான் கேட்டா, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சு போவும். எனக்காகச் சொமக்கோம்னு நெனச்சுத்தான் மனுசன் எந்திரிச்சு நடமாடுதாவ. அதையும் புடுங்கிட்டா அன்னைக்கே சாஞ்சிருவாவ. உங்ககிட்ட உள்ளதைச் சொல்லிருந்தா, நீங்க நேரா அவியகிட்டப் போயி உடைச்சிருப்பிய. செக்கைப் பிடிச்சுட்டுப் போனா எடம் தானா வரும்னு நெனச்சேன்."

இடத்தைச் சொன்னேன். அருவிக்குக் கீழே, ஆற்றில்.

"சித்தாத்துலயா?"

"ஆமா."

அந்தத் தண்ணீர் குற்றாலத்திலிருந்து இறங்கி எந்த வழியாகப் போகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அங்கனதான் துணி அலசுதேன்" என்றார். "தெனமும்."

அவர் அழவில்லை. ஒரு கையால் மற்றக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், ஈரம் உலராததுபோல. பிறகு சொன்னார்: "அவியளுக்கு இப்பம் போன் போடுங்க. செக்கு குடுத்தது பையன்தான், எங்கனயோ நல்லா இருக்கான்னு எங்கிட்ட சொல்லிட்டிய, நான் நம்பிட்டேன்னு சொல்லுங்க."

போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். சந்தனமாரி தலையைச் சாய்த்து, என் போனருகே காதைக் கொண்டுவந்தார். சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

"நம்பிட்டாளா?"

"நம்பிட்டாவ."

பிறகு சொரிமுத்து கேட்டார்: "காலையில ஒண்ணும் சாப்பிடாமப் போயிட்டா. சாப்பிட்டாளான்னு கேட்டுச் சொல்லுங்க தாயி."

நான் சந்தனமாரியின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

"சாப்பிட்டாவளாம்."

போனை வைத்தேன். சந்தனமாரி எழுந்து கவுன்டரில் பணத்தைக் கட்டி, முத்திரை குத்திய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டார். பாஸ்புக்கை என்னிடமிருந்து வாங்கி, மூலையில் இருந்த மெஷினுக்குள் பழகிய கையால் செருகினார். அது கரகரவென்று ஒரு வரியைப் பதித்துத் துப்பியது, முந்தைய வரிகளைவிட ஒரு மயிரிழை மேலே.